மூன்று மணிக்கொரு தரம் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். இல்லை, நேற்று மாலையிலிருந்து நால்வர்! நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அணைக்கட்டுக் குடியிருப்பில் குளிர் விட்டதா? முதுகுவலி தேவலையா?

உங்கள் தம்பி உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கையில் ஒரு தக்காளிப் பெட்டி. "அக்கா குடுத்துச்சு. உனக்குத்தானாம். பயப்படாம வாங்கு, கடிக்காது" என்றார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு மாதுளை. செடி இல்லை அண்ணி, மரம்! அடி பருத்து, பட்டை வெடித்து, காற்றில் சாய்ந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆனால் மொத்த உயரமே என் முழங்கை அளவுதான். போன்சாய் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், பிள்ளை பெற்றதிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் அழுகை வருகிறது.

அப்புறம் அவர் சாவகாசமாகச் சொல்கிறார், "பதினோரு வருஷமா அக்கா வளர்த்தது." பெட்டியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகியே மூன்று வருஷம்தான். இதை ஏன் எனக்குக் கொடுத்தீர்கள்? மணி பிளான்டையே சாகடித்தவள் நான். சாகவே சாகாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன மணி பிளான்ட்!

எப்போது தண்ணீர், எவ்வளவு, வெயிலா நிழலா, கிளையெல்லாம் கம்பி சுற்றியிருக்கிறதே, கை கால் முறிந்து கட்டுப் போட்ட மாதிரி, அது வலிக்காதா? எல்லாவற்றையும் எழுதுங்கள். போனில் கேட்கலாம் என்றால், உங்களுக்கு அணை மேல் ஏறினால்தான் சிக்னல். எனக்கோ, போனைக் கையில் எடுத்தாலே நம் பிள்ளை உருண்டைக்கு அழுகை வந்துவிடும். ஆறு மாதத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

இப்போது தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று இரண்டு தரம் எழுந்து பார்த்துவிட்டேன். மரத்தையும் பார்த்தேன்.

பயமும் சந்தோஷமுமாக,
உங்கள் தம்பி மனைவி

மார்ச் 11

உருண்டையின் அம்மாவுக்கு அண்ணி எழுதுவது,

நீங்கள் மூவரும், மரமும், சௌக்கியமாக இருக்க வேண்டும். என் முதுகுவலியைக் கேட்டிருந்தாய். அதற்கு நான் பழகிவிட்டேன், எனக்கு அது பழகிவிட்டது.

கம்பி வலிக்காது. வளையல் மாதிரி. வெயில் வேண்டும், வெளிச்சம் மட்டும் போதாது. மரம் நிற்கிற தட்டு ஆழமில்லாதது, சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் தண்ணீரை மறந்துவிடாதே. நாள் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஊற்றிப் பார்க்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஏன் கொடுத்தேன் என்கிறாய். என் வீட்டில் வெயில் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அந்த ஜன்னல் ஓரம் எனக்கு வேறு ஒன்றுக்கு வேண்டியிருக்கிறது. தெரியாதவர்கள் கையில் கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அது கிடக்கட்டும். உருண்டையைக் குளிப்பாட்டும்போது எப்படிப் பிடிப்பாய்? சோப்புப் போட்டால் வழுக்காதா? சும்மாதான் கேட்டேன்.

தம்பியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு நிம்மதி. எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உங்களுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க ஆளில்லையே என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குளிப்பாட்டுவதைக் கேட்டீர்கள். இடது முன்கையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, விரல்களால் அவன் அக்குளைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்தால் மீன் மாதிரித் துள்ளினாலும் நழுவ மாட்டான். சோப்பைக் கடைசியில்தான் போடுவேன். ஒரு தரம்கூட நழுவ விட்டதில்லை அண்ணி. (நீங்கள் அப்படி நினைத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன்.)

மரத்துக்கு வருகிறேன். புள்ளியியல் படித்தது வீண் போகவில்லை! பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறேன். இடப்பக்கம் உருண்டைக்குப் பால், வலப்பக்கம் மரத்துக்குத் தண்ணீர். இரண்டுமே மூன்று மணிக்கொரு தரம். ராத்திரி அவனுக்காக எப்படியும் எழுந்திருக்கிறேன், அப்படியே மரத்துக்கும் ஒரு டம்ளர். ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. சமையலறை ஜன்னலில்தான் வைத்திருக்கிறேன், என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று. அங்கே வெயில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் அதோடு நானும் போய் உட்கார வேண்டும், இவனை யார் பார்ப்பது?

உங்கள் தம்பிக்கு எல்லாம் கேலி. "தண்ணி குடிச்சாச்சு சரி, தோள்ல போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கலையா?" என்கிறார். நேற்று நான் தூங்கி வழிந்து மரத்தின் எதிரே "ஆராரோ" என்று ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளை, அவர் பார்க்கவில்லை.

அட்டவணை சரிதானா என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சரி என்றால் எனக்குத் தெம்பு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி மனைவி

ஏப்ரல் 1

உருண்டையின் அம்மாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே வேலை கூடிவிட்டது.

நீ எழுதியது மிகவும் உபயோகமாக இருந்தது. அக்குளைப் பிடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் கொஞ்சம் விவரமாக எழுது. தொட்டிலில் போடும்போது முதலில் தலையை இறக்குவாயா, காலையா? ஏழெட்டு மாதப் பிள்ளைக்குச் சட்டை என்ன அளவு? பல் முளைக்கும்போது கடிக்க என்ன கொடுப்பாய்?

மற்றபடி எல்லாம் நீ செய்கிறபடியே செய்.

அண்ணி

ஏப்ரல் 9

அண்ணி,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இலை மஞ்சளாகிறது. திங்கட்கிழமை கீழ்க் கிளையில் ஆரம்பித்தது. இப்போது தொட்டாலே உதிர்கிறது. ஜன்னல் திட்டெல்லாம் மஞ்சள். நான் ஒரு வேளைகூடத் தவறவில்லையே! "மற்றபடி எல்லாம் நீ செய்கிறபடியே செய்" என்று நீங்களும் எழுதினீர்களே! தண்ணீர் போதவில்லையோ என்று முந்தாநாளிலிருந்து இரண்டு டம்ளராக ஊற்றுகிறேன். இன்னும் வேகமாக உதிர்கிறது.

உங்கள் தம்பி லிப்ட் கம்பெனி ஆள், அவர் பங்குக்குத் தட்டைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். "உள்ள 'சளக் சளக்'குனு கேக்குது" என்றார். அது கெடுதலா?

பதினோரு வருஷம் உங்களிடம் இருந்தது. என்னிடம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இலை உதிராத மாதிரி நாலு வரி எழுதி உங்களைச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எனக்கு அதெல்லாம் வராது. என்ன செய்யட்டும், சீக்கிரம் சொல்லுங்கள். எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

தம்பி மனைவி

ஏப்ரல் 13

உருண்டையின் அம்மாவுக்கு அவசரமாக,

தண்ணீரை நிறுத்து! இந்த நிமிஷமே. அட்டவணையைக் கிழி. மரம் பால் குடிக்கிற பிள்ளை இல்லை. வேர் தண்ணீரில் மூச்சு முட்டுகிறது.

தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை வைத்துச் சாய், வடியட்டும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் வை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரம் இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இலை மொத்தமும் போனாலும் போகட்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் எனக்கு எழுது.

தப்பு உன்னுடையது இல்லை. நீ அட்டவணையைப் பற்றி எழுதியிருந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை. அதற்கு மேலே இருந்த வரிகளையே திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீர் பரிசோதிக்கிறவள் தண்ணீர் வரியை விட்டுவிட்டேன் பார்.

ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். ராத்திரி பிள்ளை அழும்போது அது பசிக்கு அழுகிறதா, வலிக்கு அழுகிறதா என்று எப்படித் தெரியும்? நீ தப்பாகப் புரிந்துகொண்டு, அதனால் ஏதாவது ஆகிப்போனது உண்டா?

எல்லோரும் சுகமாக இருங்கள்.

அண்ணி

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். லிப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிப்ட் மட்டும் ஓடாது, உங்களுக்குத் தெரியும். இடுப்பில் உருண்டை, கையில் மரம், நாலு மாடி. தினமும் காலையில் ஏறுகிறேன். சரியாக ஒரு இலை மிச்சம் இருந்தது, நேற்று அதுவும் போய்விட்டது. மாடியில் வானொலியில் செய்தி வாசிக்கிற ஒருவர் துணிக்கொடியைப் பார்த்துச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருப்பார். மூன்றாம் மாடிக்காரர். என் கையில் மொட்டை மரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மரத்தின் நிலைமை கவலைக்கிடமாக இருப்பதாகத் தெரிகிறது" என்றார். சிரிக்க முடியவில்லை. கீறிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கீறாதவரைக்கும் பச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கலாமே.

அண்ணி, இனிமேல் எழுதுவதை எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் நீங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் கேட்கிறீர்கள். எப்படிப் பிடிக்கிறாய், எப்படிப் படுக்க வைக்கிறாய், ஏதாவது ஆகிப்போனது உண்டா! எனக்குப் புரியாதா? மரத்தைக் கொடுத்துப் பார்க்கிறீர்கள், இவளால் ஒன்றை உயிரோடு வைத்துக்கொள்ள முடிகிறதா என்று. முடியவில்லை. பார்த்துவிட்டீர்கள். பதினோரு வருஷ மரத்தையே இரண்டு மாதத்துக்குள் மொட்டையாக்கினவள் என் தம்பி பிள்ளையை என்ன செய்வாளோ என்று இருக்கிறது உங்களுக்கு.

ஆமாம், நான் தப்பாகப் புரிந்துகொண்டதுண்டு. காது வலியில் அழுதவனுக்குப் பசி என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கப் பால் கொடுத்துப் பார்த்தேன். காலையில் டாக்டர்தான் சொன்னார். போதுமா?

உங்கள் தம்பியிடம் கேட்டால், "அக்கா எப்பவுமே அப்படித்தான், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும், நீ மனசுல வெச்சுக்காத" என்கிறார். நான் மனசில்தான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு இடம் இல்லை.

தம்பி மனைவி

மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட மறு நிமிஷமே திருப்பி எடுக்க அதன் வாயில் கை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டது. உருண்டை இடுப்பில் உட்கார்ந்து சிரிக்கிறான். உங்களிடமிருந்து பதில் இல்லை. நியாயம்தான். உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டுமாவது ஒரு வரி போடுங்கள். இவர் நேற்று பத்துத் தரம் போன் செய்தார், மணியே அடிக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பச்சை!

உருண்டையைக் கீறிவிடும் என்று நான் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன், அதனால் கீற நகம் இல்லை. இவர் நகத்தில் கிரீஸ். கடைசியில் செய்தி வாசிப்பவர், "என் சுண்டு விரல் நகம் இருக்கு, பரவாயில்லையா?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் அவர் வானொலிக் குரலை மறந்து, "ஏம்மா, பச்சையா இருக்கும்மா! கண்ணத் தொறந்து பாரும்மா!" என்று கத்தினார். பயந்துபோய் உருண்டை அழ, நானும் சேர்ந்து அழ, துணி உலர்த்த வந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள்.

அண்ணி, கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி மனைவி

மே 21

அண்ணி, அண்ணி,

நலமா? நலமாகத்தான் இருக்க வேண்டும்.

கிளை நுனியெல்லாம் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக வந்தது. உருண்டைக்கும் அதே வாரம் கழுத்தில் வியர்க்குரு. இவனிடமிருந்து மரத்துக்குத் தொற்றிவிட்டது என்று நினைத்து இரண்டையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தேன்! சிரிக்காதீர்கள். பட்டம் வாங்கியவள்தான் நான்.

இன்று காலை அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் விரிந்திருக்கிறது. இலை! மாதுளைத் தளிர் சிவப்பாக வரும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன், அவ்வளவு இருக்கிறது. வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். என் விரலுக்கே இப்போது தெரிகிறது.

உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. எங்கே இருக்கிறீர்கள் அண்ணி? இன்னும் இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் இவரை அங்கே அனுப்பப் போகிறேன்.

தம்பி மனைவி

ஜூன் 2

உருண்டையின் அம்மாவுக்கு அண்ணி எழுதுவது,

நலமாக இருக்கிறேன். முதுகுவலி இருக்கிறதா இல்லையா என்று கவனிக்க நேரமில்லை. அலைச்சலில் பிரிக்காமலே கிடந்த உன் மூன்று கடிதங்களையும் இன்றைக்குத்தான் ஒன்றாகப் பிரித்தேன். ஏப்ரல் கடிதத்தைப் படித்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மே கடிதங்களைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். "ஏன் சிரிக்கிற?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலைப் பற்றித்தான் எழுத வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தரம் எல்லாம் கூடி வந்து கடைசி நாளில் தட்டிப்போனது. தம்பிக்குக்கூடத் தெரியாது. வாங்கி வைத்த பொம்மையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனபோது கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டேன். கேள்வியைத்தான் கட்ட முடியவில்லை. உன்னைச் சோதிக்கவில்லையம்மா. உன்னைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வயசுக்குள் ஒரு குழந்தை வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் மரம் இருந்த இடத்தில் தொட்டில் போட்டேன். உருண்டை அளவைக் கணக்குப் போட்டுச் சட்டை, கடிக்க வளையம், பால் புட்டி. தலையணையைச் சோப்புப் போட்ட பிள்ளையாக நினைத்து அக்குளைப் பிடித்துப் பழகினேன். தலையணைக்கு அக்குள் ஏது?

போன மாதம் ஒருநாள் குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆபீசுக்குப் போன். "அந்தக் குழந்தை இல்லைங்க, அவங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க. ஆனா வேற ஒரு பொண்ணு இருக்கு. மூணு வயசு. உங்களுக்குச் சம்மதமா? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க." நாளைக்கா! சரி என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

வேனிலிருந்து இறங்கி நேராக உள்ளே வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள்.

"இதுல யாரு தூங்குவா?"

"நீதான்."

"அப்ப என் கால எங்க வெக்கிறது?"

அன்றிலிருந்து என் கட்டிலில் குறுக்கே படுக்கிறாள், நான் விளிம்பில். வாயாடி என்று பெயர் வைத்துவிட்டேன். அணை ஏன், தண்ணீர் ஏன், என் தலைமுடி ஏன் என்று விடிந்ததிலிருந்து ஏன், ஏன், ஏன். உன்னிடம் நான் கேட்டதற்கெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் பதிலுக்குப் பதில் நடக்கிறது. என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேண்டியிருந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். இப்போதைக்கு அது போதும்.

இனி ஒன்று. இதைச் சொல்லத்தான் உனக்குப் பேனாவை எடுத்தேன்.

ஏப்ரலில் இல்லத்திலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, பிள்ளைய யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டார். நான் உன்னைச் சொன்னேன். "தம்பியைச் சொல்லலையா?" என்றார். "தம்பி நல்லவன்தான், ஆனா பிள்ளைக்குச் சட்டைய முன்பக்கம் பின்பக்கம் மாத்திப் போடுவான்" என்றேன். "தம்பி மனைவி எப்படிப்பட்டவங்க?" "பயந்தவ." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை தும்மினா நாலு பேரை எழுப்புவா. தப்புப் பண்ணிட்டா அன்னைக்கே எழுதிப் போட்டுடுவா. அவளுக்கு மறைக்கத் தெரியாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அது நீ மஞ்சள் இலையைப் பற்றி எழுதிய கடிதம் வந்த மறுநாள்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. உனக்கும் கைக்குழந்தை இருக்கிறது. வேண்டாம் என்றால் தயங்காமல் சொல், மாற்றிக்கொள்ளலாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மரம் உன்னுடையது. தளிர் பழுக்காமல் இருக்கட்டும்.

அண்ணி

ஜூன் 7

அண்ணி,

சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். சம்மதம். சம்மதம். சம்மதம். அந்த அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், என்னைக் கேட்டாகிவிட்டது என்று.

கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், பாதியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. உங்கள் தம்பி வந்து என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். படித்துவிட்டு, "அக்காவா? நம்ம அக்காவா?" என்று சுவரைப் பார்த்து நாலு தரம் கேட்டார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எப்ப சட்டைய மாத்திப் போட்டேன்?" என்றார். உருண்டையைப் பார்த்தேன். அப்போதும் மாற்றித்தான் போட்டிருந்தார்.

நாங்கள் வருகிறோம். சனிக்கிழமைக் காலைப் பேருந்தில். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் இந்தத் தெருவைத் தாண்டியதில்லை, அது உங்களுக்குத் தெரியாது, நானும் எழுதியதில்லை. வெயில், தூசி, இருமுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் பயம். இன்றும் பயம்தான். இரண்டு பை நிறையப் பயத்தைக் கட்டி வைத்திருக்கிறேன், இவர் ஒன்றைப் பிரித்துப் பாதியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். மாதுளையைச் செய்தி வாசிப்பவரிடம் கொடுத்துவிட்டேன். மண்ணைத் தொட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது என் முறை. பதில் எழுத நேரமில்லை என்றால் யோசித்து வையுங்கள். வாயாடி என்ன சாப்பிடுவாள்? முட்டை பிடிக்குமா? காலணி என்ன அளவு? இருட்டு என்றால் பயமா? என்ன நிறம் பிடிக்கும்? கைக்குழந்தையைப் பார்த்தால் கிள்ளுவாளா? கிள்ளினால் திட்டலாமா? யார் திட்டுவது, நீங்களா நானா? மூன்று வயசைப் பற்றி எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது அண்ணி. உங்களுக்கும் தெரியாது. வந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருதிருவென்று முழிப்போம்.

ஊருக்கெல்லாம் சொல்லாமல் மறைத்தீர்களே, அதற்கு நேரில் சண்டை உண்டு. இப்போது இல்லை. இப்போது எனக்கு நேரம் இல்லை, இவர் வாசலில் நின்று "தபால் எடுத்துடுவாங்க, எழுதினது போதும்" என்று கத்துகிறார்.

வருகிறது யார் என்று வாயாடி கேட்டால், "உன் அத்தை" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள். அதற்கு நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் வந்து கதவைத் தட்டிவிடுவோம்.

அவளுடைய அத்தை